சேதம் என்ன என்று கேட்டார்கள்

எந்த மாநிலம் என்று சொல்லமாட்டேன். சுவிற்சர்லாந்தில் மாநிலங்களுக்குப் பஞ்சமில்லை, ஏதோ ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொல்லப்போய் இன்னுமொரு வழக்கு வந்தால் அதையும் நான்தான் பேசவேண்டி வரும். நான் பேசினால் என்ன நடக்கும் என்பதைக் கடைசிவரை வாசிப்பவர்கள் தெரிந்துகொள்வார்கள்.

எங்கள் சனம் எனக்கு வைத்த பட்டம் அப்புக்காத்து, அதாவது வக்கீல். சாவகச்சேரியில் ஒரு நொத்தாரிசிடம் கொஞ்சக் காலம் காணி உறுதி எழுதினேன். அதைத் தவிர எனக்கும் சட்டத்துக்கும் ஒரு கொடுக்கல் வாங்கலும் கிடையாது. ஆனால் இங்கே வந்த புதிதில் அகதி மனு எழுதித் தரச்சொல்லிப் பெடியள் வந்து நின்றபோது, தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தேன். அதில் பாதிப் பேருக்கு நிராகரிப்பு வந்தது, மற்றப் பாதிப் பேர் கோயிலுக்கு நேர்த்தி வைத்துத் தப்பினார்கள். பட்டம் மட்டும் என்னோடு நின்றுவிட்டது. முதியோர் இல்லத்துச் சமையலறையில் சட்டி கழுவுகிற அப்புக்காத்து உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

என் பெயர் குகநாதன். அப்பா பெயர் நித்தியானந்தன். குடும்பப் பெயர் என்று நமக்கு ஒன்று இல்லை, ஆனால் அது இல்லாமல் ஒரு மனிதனைப் பதிய சுவிஸ்காரருக்குத் தெரியாது. அதனால் அப்பாவின் பெயரை எனக்குக் குடும்பப் பெயராக்கினார்கள். அவர்களுடைய கடதாசிகளில் குடும்பப் பெயர் முன்னுக்கு வரும். ஆகவே நான் ‘நித்தியானந்தன் குகநாதன்’ ஆனேன். பிறந்த திகதி ஜனவரி ஒன்று. உண்மையில் நான் ஐப்பசியில் பிறந்தவன். என்னைக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன், “விசாரணையிலை எத்தினை தரம் கேட்டாலும் ஒரே திகதிதான் சொல்லவேணும். மறக்கேலாத திகதியாப் பாத்துச் சொல்லு” என்றான். என்னைப்போல யோசித்த புத்திசாலிகள் இந்த நாட்டில் எத்தனையோ பேர் என்பது பிறகுதான் தெரிந்தது. குடிவரவு அலுவலகத்தில் இருப்பவர்கள், தமிழ்ப் பெண்கள் எல்லோரும் ஆங்கில வருசப்பிறப்பன்றுதான் பிள்ளை பெறுவார்கள் என்று நினைத்திருக்கக்கூடும்.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் இன்னொரு தமிழர் இருந்தார். அவருடைய சொந்தப் பெயர் நித்தியானந்தன், அப்பா பெயர் குகநாதன். அவரைப் பதிந்த உத்தியோகத்தர் எது அப்பன் பெயர், எது மகன் பெயர் என்று பிரிக்கத் தெரியாமல், சொந்தப் பெயரையே குடும்பப் பெயராகப் போட்டுவிட்டார். ஆக அவரும் கடதாசியில் ‘நித்தியானந்தன் குகநாதன்’. அவருக்கும் ஜனவரி ஒன்று. வருடம் மட்டும் வேறு, வருடத்தை யார் பார்க்கிறார்கள்? என்னிலும் மூத்தவர் என்பதால் நான் அவரை நித்தியண்ணை என்று கூப்பிடுவேன். பெற்ற தகப்பனின் பெயரைச் சொல்லி ஒருவரை அண்ணை என்று கூப்பிட்ட பாவம்தான் பிறகு வந்து சேர்ந்தது என்று என் மச்சான் பூம்ப்ளிசில் இருந்து தொலைபேசியில் விளக்கம் சொன்னான்.

குடலிறக்கத்துக்கு அறுக்கவேண்டும் என்று மாநில ஆஸ்பத்திரியில் எனக்குத் திகதி தந்தார்கள். பெரிய சட்டிகளைத் தூக்கித் தூக்கி வந்த வினை. அதே காலையில் நித்தியண்ணையும் அங்கே இருந்தார். நாலு பிள்ளைகள் காணும் என்று அவருடைய மனைவி கலாவதியக்கா முடிவாகச் சொல்லிவிட்டதால், குடும்பக் கட்டுப்பாட்டு ஒப்பரேசன் செய்ய, ஒருவருக்கும் சொல்லாமல் வந்திருந்தார். என்னைக் கண்டதும் மனிதருக்கு முகம் வெளிறிவிட்டது.

“என்ன அண்ணை, இஞ்சாலை?”

“சும்மா, ஒரு பல்லுக் காட்ட வந்தனான்.”

பல் டொக்டர் அந்தக் கட்டடத்திலேயே இல்லை. நான் மரியாதைக்குத் தலையாட்டினேன்.

தாதி வந்து பெயரைக் கூப்பிட்டாள். நித்தியண்ணை எழும்பவில்லை, ஒரு பத்திரிகையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். நான் எழும்பினேன். “ஜனவரி ஒன்று?” என்றாள். “யா” என்றேன். ‘யா’ என்றால் ஓம். இந்த நாட்டில் எனக்கு வேலை, வீடு, விசா எல்லாம் வாங்கித் தந்தது அந்த ஒரு சொல்தான். நமக்கு விளங்காததைப் பெரிய மனிதர்கள் கேட்டால் இன்னொருதரம் சொல்லுங்கள் என்று கேட்பது மரியாதையில்லை, சிரித்துக்கொண்டு ஓம் என்று சொல்லவேண்டும். அப்படித்தான் நாங்கள் வளர்ந்தோம். அவள் வழமையான சுவிஸ் ஜெர்மனில் வேகமாக இன்னும் ஏதோ கேட்டாள். “யா.” நின்று, என் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் கவலையோடு வேறொன்று கேட்டாள். அவள் கவலைப்படுகிறாளே என்று நான் இன்னும் பலமாக, “யா, யா!” என்றேன். ‘நன்றாக யோசித்துத்தான் முடிவெடுத்தீர்களா, இனிப் பிள்ளைகள் வேண்டாம் என்பதில் சந்தேகமில்லையே’ என்று அவள் கேட்டிருக்கிறாள்.

முழு மயக்கம் தருவார்கள் என்று முதலில் சொல்லியிருந்தார்கள். ஆனால் ஒரு ஊசி மட்டும் போட்டு, இடுப்புக்குக் குறுக்கே ஒரு பச்சைத் துணியைக் கட்டினார்கள். வானொலியில் பாட்டுப் போனது. தேத்தண்ணி குடித்து முடிக்கிற நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சுவிஸ் வைத்தியம் எங்கே போய்விட்டது, யாழ்ப்பாணத்தில் என்றால் ஒரு கிழமை படுக்கையல்லவா என்று நான் மெய்ம்மறந்து போனேன். டொக்டரின் கையைப் பிடித்து மிகவும் நன்றி என்று சொன்னேன். சும்மா சொல்லவில்லை, நெஞ்சாரச் சொன்னேன்.

உடுப்பு மாற்றும்போது ஒருதரம் இருமினேன். குடலிறக்கம் பழைய இடத்தில் எட்டிப் பார்த்தது.

அதற்குள் வெளியே ஒரு தாதி, குடலிறக்கக்காரர் எங்கே, மயக்க மருந்து டொக்டர் காத்திருக்கிறார் என்று தேடிக்கொண்டு திரிந்தாள். பிறகு கதவுகள் திறந்தன, பூட்டின, வெள்ளைச் சட்டைக்காரர் கூடிக் கூடிக் கதைத்தார்கள். நடந்தது இன்னதென்று விளங்கியதும் நித்தியண்ணை கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு படியால் இறங்கி ஓடிவிட்டார். கடவுளாகப் பார்த்து என்னைத் தப்பவைத்தார், இனி அந்தப் பக்கமே போகமாட்டேன் என்று வீட்டில் சத்தியம் செய்தாராம். அடுத்த வருசம் அவர்களுக்கு ஐந்தாவது பிள்ளை பிறந்தது. பெண்பிள்ளை, கஜேந்தினி என்று பெயர் வைத்தார்கள்.

என் மனைவி சுமித்ராவிடம் நான் அன்று பின்னேரமே சொன்னேன். முதலில் சிரித்தாள். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தாள். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திவிட்டாள். ஆறு வருசம் கொழும்பு லொட்ஜில் எனக்காகக் காத்திருந்து வந்தவள். வந்த முதல் வருசம் ஒற்றை அறை, அடுத்த வருசம் அவளுக்கு வேலை தேடினோம், அதற்குப் பிறகு ஒரு பிள்ளை என்று இருவரும் கதைத்து வைத்திருந்தோம். வெட்டியதைத் திரும்பப் பொருத்தலாம், ஆனால் காலம் போகப் போகப் பலன் குறையும் என்று வேறொரு பட்டணத்து டொக்டர் சொன்னார். சுகாதாரக் காப்புறுதி அதற்குக் கையை விரித்தது. பிழைவிட்ட மாநிலம் பொறுப்பெடுக்கிறோம் என்று ஒரு வார்த்தை எழுதித் தந்தால் உடனே செய்யலாம் என்றார்கள். எங்களுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

அப்புக்காத்து விடுவேனா? அகராதியை வைத்துக்கொண்டு மாநில அரசுக்கு மனு எழுதினேன். மாதக்கணக்காகப் பதில் இல்லை, பிறகு வந்தது. மாநில ஆஸ்பத்திரியில் டொக்டர் பிழைவிட்டால் டொக்டரைக் கேட்க முடியாது, மாநிலத்தைத்தான் கேட்கவேண்டும் என்பது அங்கத்தைய சட்டம். அந்தச் சட்டம் மாநிலத்துக் குதிரைவண்டி யாருடையவோ வேலியை இடித்த காலத்தில் எழுதப்பட்டது. வேலிக்கு விலை போடலாம். எனக்கு எழுதியது இதுதான்: முதலாவது, கேட்ட எல்லாவற்றுக்கும் நீர் ஓம் என்று சொல்லியிருக்கிறீர். இரண்டாவது, உமது சம்பளம் குறையவில்லை, வேலை செய்யும் வலுக் குறையவில்லை, ஆகவே அளக்கக்கூடிய சேதம் எதுவும் இல்லை. கடைசியில், குடலிறக்கத்தைப் பிறகு இலவசமாகச் செய்து தந்ததையும் ஞாபகப்படுத்தியிருந்தார்கள்.

நோயாளர் ஆலோசனை நிலையத்தில் திருமதி சும்ஸ்டைன் என்று ஒரு அம்மா இருந்தார். மாநிலப் பாராளுமன்றத்தில் அங்கத்தவர், முன்னாள் பள்ளி ஆசிரியை. நான் சொல்லச் சொல்லக் கேட்டவர், என் ஜெர்மனைப் பிள்ளைகளின் கொப்பியைத் திருத்துவதுபோல இடையிடையே திருத்திக்கொண்டும் இருந்தார். அந்தப் பழைய சட்டத்தை மாற்றவேண்டும் என்று அவர் வருசக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்தாராம். சரியான ஆளைத்தான் அறுத்தோம் என்று ஆஸ்பத்திரி நிரூபிக்கவேண்டும், நோயாளி நிரூபிக்கத் தேவையில்லை. சம்பளத்தால் அளக்க முடியாத சேதமும் சேதம்தான். இந்த இரண்டும் புதிய சட்டத்தில் வரவேண்டும் என்பது அவருடைய திட்டம். பாராளுமன்றக் குழு ஒன்று கூடிப் பாதிக்கப்பட்டவர்களைக் கூப்பிட்டுக் கேட்கப்போகிறது என்றார்.

“நான் பேசுகிறேன்” என்றேன். கேட்காமலே சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீங்கள் பேசுங்கள். ஆனால் உங்கள் கதை மட்டும் போதாது. இல்லாத பிள்ளையை அந்தச் சட்டக்காரர்களுக்குக் காட்ட முடியாது. மற்றவரும் வரவேண்டும். பிழையால் பிறந்த பிள்ளை ஒன்று அங்கே இருக்கிறது. அதை வளர்க்கிற செலவை அவர்கள் கணக்குப் பார்ப்பார்கள், சேதம் என்று ஒத்துக்கொள்வார்கள். ஒரே பிழை, ஒரே நாள், ஒரே பெயர். அவருடையது சேதம் என்றால் உங்களுடையதையும் தட்ட முடியாது, அரசு தானே வந்து உங்களோடு சமாதானமாகப் போகும். பிள்ளையையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.”

பிறந்த பிள்ளை சேதம். பிறக்கமுடியாமல் போன பிள்ளை சேதமில்லை. நான் இதைச் சுமித்ராவுக்குச் சொன்னபோது அவள் சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். “அப்ப போய்க் கேளுங்கோ” என்றாள். “நீயும் வா” என்றேன். வரமாட்டேன் என்று தலையாட்டினாள். கஜேந்தினியின் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கும் அவள் போகவில்லை. ஒரு சோடிக் காப்பை என்னிடம் கொடுத்துவிட்டாள், அவ்வளவுதான்.

நித்தியண்ணை வீட்டுக்குப் போனேன். கலாவதியக்கா தேத்தண்ணி தந்தார். பிள்ளை நிலத்தில் தவண்டு வந்து என் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தது. நான் விசயத்தைச் சொன்னேன். உள்ளதைச் சொல்லவேண்டும், மிகக் கெட்டித்தனமாகச் சொன்னேன்.

“விசரோ உனக்கு?” என்று நித்தியண்ணை எழும்பிவிட்டார். “நாலு பேருக்கு முன்னாலை போய்ப் பிள்ளையை நட்டம் எண்டு எப்பிடியடா சொல்லுறது?”

“அண்ணை, அது சட்டத்துக்குச் சொல்லுற கதை. டொச்சிலைதானே சொல்லப்போறியள். பிள்ளைக்கு டொச் தெரியுமோ?” ஜெர்மனை நாங்கள் டொச் என்போம்.

“நாளைக்குத் தெரியும்தானே! பள்ளிக்கூடம் போகாளோ?”

“அங்கை கதைக்கிறதெல்லாம் ரகசியம் அண்ணை, வெளியிலை வராது.”

“உன்ரை வாயிலை நெருப்பைத்தான் வைக்கவேணும்” என்றார் கலாவதியக்கா. “நாள் தப்பினதிலை இருந்து நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். வேண்டாம் எண்டுதான் முதல் நினைச்சனான். இப்ப அவளைத் தூக்கிக்கொண்டு போய் வேண்டாத பொருள் எண்டு காட்டச் சொல்லுறியோ? நீயெல்லாம் ஒரு அப்புக்காத்து!”

தேத்தண்ணியைக் குடித்தேன், அது ஆறிப்போயிருந்தது. பிள்ளை என் மற்றச் சப்பாத்தையும் அவிழ்த்து முடித்துவிட்டது.

“சுமித்ரா ஏன் வரேல்லை?” என்றார் அக்கா கொஞ்ச நேரத்தால்.

“வேலை அக்கா.”

“ஞாயிற்றுக்கிழமையோ?”

நான் சப்பாத்துக் கயிற்றைக் கட்டுவதுபோலக் குனிந்துகொண்டேன். அக்கா பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு யன்னலடியில் போய் நின்றார். திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது.

“சரி, போய்ச் சொல்லட்டும். சுமித்ராவுக்காகச் சொல்லட்டும். ஆனால் எனக்கு முன்னாலை சொல்லக்கூடாது, நான் வரமாட்டன்.”

மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்கு செய்வதாகக் குழு எழுதியது. வேண்டாம், நானே செய்கிறேன் என்று மறுத்துவிட்டேன். அந்தப் பக்கத்தில் மொழிபெயர்க்கிற தமிழர்கள் எல்லோரையும் எனக்குத் தெரியும். பத்து மணிக்கு நான் வாய் திறந்தால் மத்தியானத்துக்குள் பாடனில் இருக்கிறவர்களுக்கும் நொஷாட்டலில் இருக்கிறவர்களுக்கும் என் இடுப்புக்குக் கீழே நடந்ததெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும். இது நீதிமன்றமல்ல, கருத்துக் கேட்கிற கூட்டம்தான் என்று சொல்லித் திருமதி சும்ஸ்டைன் அதற்குச் சம்மதம் வாங்கினார். நித்தியண்ணைக்கு நான் ஒரு வசனம் பழக்கினேன். ‘ஷாடன்’ என்றால் சேதம். இந்தப் பிள்ளை எனக்கு ஒரு ஷாடன் என்று ஜெர்மனில் சொல்லவேண்டும், அவ்வளவுதான். ரயிலில் போகும்போதும் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். சொல்லும்போதெல்லாம் மடியில் இருந்த பிள்ளையின் காதை ஒரு கையால் பொத்திக்கொண்டார்.

கூட்டம் நடந்த அறையில் சுவரெல்லாம் மரம், மரத்தின் மேலெல்லாம் மீசை வைத்த பழைய மனிதர்களின் படங்கள். குழுவின் தலைவர் ஒரு பண்ணைக்காரர், நல்ல மனிதர், பிள்ளையைக் கண்டு கையசைத்தார். மாநிலத்தின் பக்கத்தில் கலாநிதி ஏர்னி என்ற சட்ட வல்லுநர் இருந்தார். மெலிந்தவர், பென்சிலை மிகவும் கூராகச் சீவி வைத்திருந்தார். நான் கழுத்துப்பட்டி கட்டியிருந்தேன். மூன்று கிழமை அகராதியோடு கிடந்து தயாரித்த உரை கையில் இருந்தது. அதில் ஒரு சொல் ஒரு முழு வரிக்கு நீண்டது. அதைத் தடக்காமல் சொல்லி முடித்தபோது நான் எதிர்பார்த்தது கைதட்டல்.

கலாநிதி ஏர்னி மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

“தாதி உங்களிடம் கேள்விகள் கேட்டாரா?”

“யா.”

“நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?”

“யா.”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பண்ணைக்காரர் மேசையில் தட்டினார்.

“உங்களுக்கு நேர்ந்த சேதம் என்ன?”

“ஒரு பிள்ளை.”

“எங்கே அந்தப் பிள்ளை?”

“இல்லை.”

“அதைத்தான் நாங்களும் எழுதியிருக்கிறோம்” என்றார். கேலியாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குச் சுட்டது. இரண்டு வருசமாக நான் எனக்குள்ளேயே பகிடியாகச் சொல்லிக்கொண்டு திரிந்ததை அவர் ஒரு வசனத்தில் அப்படியே உண்மையாக்கிவிட்டார். நான் உரையை மடித்து வைத்துவிட்டு இருந்தேன். பரவாயில்லை, துருப்புச் சீட்டு இன்னும் கையில் இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

நித்தியண்ணையை எழும்பச் சொன்னார்கள். பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது? என் கையில் தந்தார். நான் அதுவரை அவளைத் தூக்கியதில்லை. சூடாக இருந்தாள். என் கழுத்துப்பட்டியை இழுத்து வாயில் வைத்துச் சப்பிப் பார்த்தாள். பிடிக்கவில்லை, துப்பிவிட்டு என் தோளில் தலையைப் போட்டுக்கொண்டாள்.

தலைவர் கேட்டார்: “அந்தப் பிழையால் உங்களுக்கு என்ன சேதம் நேர்ந்தது?”

நித்தியண்ணை பிள்ளையைப் பார்த்தார். ரயிலில் சொல்லிப் பழகிய வசனம் வரவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, நீயே சொல்லிவிடு. எனக்கு ஏலாது. தமிழிலை சொன்னால் இவளுக்கு விளங்கிப்போடும். நீ டொச்சிலை சொல்லு, நான் சொன்னதாச் சொல்லு.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கலாநிதி ஏர்னி பென்சிலை எடுத்துக்கொண்டார். திருமதி சும்ஸ்டைன், சொல்லுங்கள் என்று கண்ணால் காட்டினார். ஒரு சொல். அதைச் சொல்ல எனக்கு அகராதி தேவையில்லை, இலக்கணம் தேவையில்லை. அந்தச் சொல்லை நம்பி வீட்டில் சுமித்ரா லீவு போட்டுவிட்டு இருக்கிறாள். நான் யோசித்தேன், இது சட்டம், இது வெறும் சொல், அந்தப் பண்ணைக்காரர் மத்தியானச் சாப்பாட்டோடு மறந்துவிடுவார். பிள்ளையின் மூச்சு என் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது. கேட்ட எல்லாவற்றுக்கும் ஓம் சொல்லி வளர்ந்த வாய், அன்றைக்குப் பார்த்துத் திறக்கமாட்டேன் என்று நின்றது.

“அவர் சொல்கிறார்...” என்று தொடங்கினேன். “சேதம் இல்லை. ஒரு சேதமும் இல்லை.”

கலாநிதி ஏர்னி அதை எழுதினார். எழுதிவிட்டுச் சரியாகக் கேட்டேனா என்று என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். திருமதி சும்ஸ்டைன் தன் முன்னால் இருந்த தாள்களை ஒன்றாக அடுக்கத் தொடங்கினார், மிகவும் மெதுவாக. அந்த அளவு ஜெர்மன் நித்தியண்ணைக்கும் தெரியும்.

“என்னடா சொன்னனீ?”

“நீங்கள் சொன்னதைத்தான்.”

“நான் ஒண்டும் சொல்லேல்லையே.”

“அதைத்தான் சொன்னனான்.”

அவர் எனக்குக் கிட்ட வந்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பிள்ளைக்குக் கை நீட்டினார். அவள் நித்திரையாகிவிட்டாள், எழுப்பவேண்டாம் என்றேன். ரயிலடிவரைக்கும் நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

அடுத்த வருசம் அந்தச் சட்டம் திருத்தி நிறைவேற்றப்பட்டது. அறுக்கிறதற்கு முன்னால் ஆள் சரிதானா என்று நிரூபிக்கவேண்டியது ஆஸ்பத்திரி என்று வந்தது. நோயாளிக்கு விளங்குகிற மொழியில் கேட்கவேண்டும் என்றும் வந்தது. அளக்க முடியாத சேதம் பற்றிய பந்தி மட்டும் குழுவிலேயே விழுந்துவிட்டது. பாதிக்கப்பட்டவர்களே சேதம் இல்லை என்று சொல்லிவிட்டார்களே என்று கலாநிதி ஏர்னி எடுத்துக் காட்டினாராம். என்னுடைய மனுவையும் அத்தோடு மூடினார்கள். மாநில அளவில் சட்டத் திருத்தத்தின் ஒரு பந்தியை ஒற்றைச் சொல்லால் கவிழ்த்த ஒரே அப்புக்காத்து நான் என்று நினைக்கிறேன்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று பின்னேரம் நான் வீட்டுக்குப் போனபோது சுமித்ரா கதவடியில் நின்றாள். நல்ல சேலை ஒன்று உடுத்திருந்தாள்.

“சொன்னவரோ?” என்றாள்.

பொய் சொல்லலாம் என்று படியேறும்போது நினைத்திருந்தேன். முடியவில்லை, நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

“அப்ப அவையின்ரை பிள்ளைக்காக எங்கடை பிள்ளையை அங்கை விட்டிட்டு வந்திருக்கிறியள்” என்றாள்.

சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் ஏதாவது சத்தம் போட்டிருப்பேன். கதவடியில் சப்பாத்தோடு நின்றேன்.

“கோட்டைக் கழட்டுங்கோ, சாப்பாடு போடுறன்” என்று கை நீட்டினாள். கழற்றிக் கொடுத்தேன். கொளுவப் போனவள் தோள்பக்கத்தில் இருந்த வெள்ளைக் கறையைக் கண்டு நின்றாள்.

“இதென்ன?”

“ரயிலடியிலை பால் கக்கியிட்டாள். துடைச்சனான், போகேல்லை.”

சுமித்ரா அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு கோட்டைத் தூக்கி முகத்தோடு வைத்தாள். வைத்தபடியே நிலத்தில் இருந்துவிட்டாள். இரண்டு வருசமாக அழாதவள், ஐயோ என்று வாய்விட்டு அழுதாள். நான் பக்கத்தில் போய் இருந்தேன். அவள் என்னைத் தள்ளிவிடவும் இல்லை, கோட்டை என்னிடம் தரவும் இல்லை.